திருட்டுக் குரோட்டன்ஸ்

திருடினேன் என்று சொல்லிக்கொள்வதற்கு அறுபதைத் தாண்டிய வயதுதான் தோதான வயது. இனி யாரும் என்னைப் பெண் பார்க்க வரப்போவதில்லை. வேலையை விட்டு நீக்கவும் முடியாது, ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. நம் வாட்ஸப் குழுவில் முட்டிவலியையும் மாத்திரைப் பெயர்களையும் பேசிப் பேசி உங்களுக்கும் சலித்திருக்கும், எனக்கும் சலித்துவிட்டது. அதனால் இன்றைக்கு என் திருட்டைச் சொல்கிறேன்.

பத்து வயதில், ஒரு மழைக்காலத்தில் தொடங்கி, செஞ்சியில், பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டர் தோட்டத்தில் செடிக் குச்சிகளைத் திருடினேன். அனுப்பிவைத்தது என் அம்மா. அகப்பட்டுக்கொண்டோம். அகப்பட்டதால்தான் பிழைத்தோம். அது எப்படி என்று விளங்க எனக்கு ஐம்பது வருஷம் பிடித்தது என்றால் என் புத்தியின் வேகத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் எங்கள் வீடு புதிதாகக் கட்டி முடிந்திருந்தது. திருவண்ணாமலை ரோட்டில், கோட்டைக்குப் போகும் வழியில், ஊர் கொஞ்சம் ஓய்ந்துபோகிற இடம். வாசலில் நின்றால் கோட்டை மலையான ராஜகிரி முழுசாகத் தெரியும். வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே நல்ல அகலமான வெற்றிடம், சரளைக் கல்லும் சிவப்பு மண்ணுமாகக் கிடந்தது. அந்த இடத்தின் மேல் இரண்டு பேருக்குக் கண்.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அங்கே சிமெண்ட் களம் வேண்டும். நைனா மேல் தப்பே சொல்ல முடியாது. அதற்கு முந்தின வருஷம் மல்லாட்டையை ரோட்டில் காயப்போட்டு, அரைமணி நேர மழையில் பாதி சாக்கடையோடு போனது. வேர்க்கடலையைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். முழங்கால் சேற்றில் நின்று சாக்கடையிலிருந்து இரண்டு கைகளாலும் அவர் அள்ளியதை நானே பார்த்தேன். வாசலில் களம் இருந்தால் மழை வந்ததும் வாரி உள்ளே போட்டுவிடலாம். நியாயமான ஆசை.

அம்மாவுக்குத் தோட்டம் வேண்டும். கத்தரி, வெண்டை இல்லை. அழகுக்கு வைக்கிற தோட்டம். அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அம்மாவும் நைனாவும் கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று கூடத்தில் மாட்டியிருந்தது. நைனா கடப்பாரையை விழுங்கியவர்போல நிற்பார். அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருக்கும் பின்னால் ஒரு திரை. அதில் புள்ளி போட்ட இலைகள், கொத்துக் கொத்தாகப் பூக்கள், வளைந்து போகிற ஒரு பாதை. தொண்டூரில் பிறந்து, நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் நடுவே வளர்ந்த அம்மா, அந்தத் திரையின் முன்னால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தவர். அந்த ஐந்து நிமிஷம் அவர் மனசில் அப்படியே தங்கிவிட்டது.

நைனாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "திங்க முடியாது, விக்க முடியாது, மாடுகூட மோந்து பாக்காது. அதுக்கு எதுக்கு எடம்? பூ வோணும்னா கனகாம்பரம் வை, கட்டி விக்கலாம்."

அம்மா விடவில்லை. கடைசியில் நைனா ஒரு தவணை கொடுத்தார். தை பிறந்ததும் கொத்தனார் வந்துவிடுவார், அதுவரைக்கும் அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்றார். மழைக்காலத்தோடு ஆசை ஊறி நைந்துபோகும் என்று நினைத்திருப்பார். அம்மா அதைப் பட்டா கிடைத்த மாதிரி எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். பாறையில் அப்பளம் காய்ந்துவிடும். ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் வேறு ஊர். ராஜகிரி உச்சியில் மேகம் வந்து குந்தினால் மூன்று நாளைக்கு எழுந்திருக்காது. பெருமழை ஓய்ந்த பிறகு பூந்தூறல், அதற்குப் பிறகு இலையிலிருந்து சொட்டுகிற மழை. காய்ந்து கிடந்த பாறைகள் நனைந்து கருநீலமாகும். கதவு உப்பிக்கொண்டு சாத்தாது. மரவட்டைகள் வரிசையாக வாசற்படி ஏறும். அந்தக் காற்றில் துடைப்பக் குச்சியை நட்டாலும் துளிர்க்கும் என்று அம்மா சொல்வார்.

குச்சி வேண்டுமே. செஞ்சியிலேயே நல்ல செடிகள் இருந்த வீடு ஹெட்மாஸ்டர் வீடுதான், எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு சந்துதான். மேல்சித்தாமூர்க்காரர், சமணக் குடும்பம். பிள்ளைகள் இல்லை, அவரும் அவர் வீட்டம்மாவும்தான். பள்ளிக்கூடத்தில் பிரம்பையே தொடாத மனிதர், ஆனாலும் அவரைக் கண்டால் நாங்கள் வேறு தெரு பார்த்துத் திரும்பிவிடுவோம். அவர் தோட்டத்தில் ஏழெட்டு நிறத்தில் குரோட்டன்ஸ், அடுக்குச் செம்பருத்தி, நந்தியாவட்டை, காகிதப்பூ, அப்புறம் எங்கள் பக்கம் யாரும் பார்த்திராத மஞ்சள் இட்லிப்பூ.

அம்மா தலைவாரி, நல்ல புடவை கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு போய் முறையாகத்தான் கேட்டார். ஹெட்மாஸ்டர் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டுக்கொண்டார். "குடுக்கறது இல்லம்மா" என்றார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார்.

அம்மா முகம் சிவந்ததைப் பார்த்து நான் பயந்துபோனேன். சந்து தாண்டி வீட்டுக்கு வருவதற்குள் ஹெட்மாஸ்டருக்குக் கஞ்சப்பிசினாரி என்று பெயர் வைத்தாயிற்று. தண்ணீர் குடித்துக் கொஞ்சம் ஆறிய பிறகு அம்மாவுக்கே தெம்பு வந்துவிட்டது. கேட்டு வாங்கி வைக்கிற செடி நிற்காது, சொல்லாமல் எடுத்து வந்து வைப்பதுதான் தழையும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டே, உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். "அவரு குடுக்காததும் நல்லதுக்குத்தான்" என்றார் அம்மா. அன்றைக்கே நான் திருடியானேன்.

திருட்டுக்கு நேரம் குறிப்பது சுலபமாக இருந்தது. ஹெட்மாஸ்டர் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள், அது அவர்கள் வழக்கம். மழைக்காலத்தில் ஐந்தரைக்கே இலை போட்டுவிடுவார்கள். பின்கட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவது சந்திலிருந்து தெரியும். சந்துப் பக்கத்துக் கருங்கல் சுவரில் ஓரிடத்தில் மேல்வரிசை சரிந்து, என் மார்பு உயரத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. எட்டிக் கையை விட்டால் செடி.

முதல் நாள் ஒரு குரோட்டன்ஸ் கிளையை ஒடித்தேன். பால் வடிந்து சட்டையெல்லாம் கறை. "படக்" என்று ஒடிந்த சத்தத்தில் ஹெட்மாஸ்டர் திரும்பிவிட்டார் என்றே நினைத்தேன். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு சந்திலேயே நின்றுவிட்டது. மறுநாள் காலை அந்தச் செருப்பு கழுவிச் சுத்தமாக எங்கள் கேட்டில் தொங்கியது. மழை கழுவியிருக்கும், யாரோ மாட்டியிருப்பார்கள் என்று அம்மா சொன்னார். நானும் நம்பினேன்.

இரண்டாம் தடவை போனபோது ஒடிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. சுவர்ப் பள்ளத்தை ஒட்டி மூன்று நான்கு குச்சிகள் வெட்டிக் கிடந்தன. கிளை கழித்துக் கவாத்துப் பண்ணிய கழிவு என்று நினைத்து அள்ளிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு ஹெட்மாஸ்டர் உட்காரும் பக்கத்தையும் மாற்றிவிட்டிருந்தார். சந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார். எங்களுக்கு அதிர்ஷ்டம்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கடவுள் படத்துக்குக் கற்பூரம் ஏற்றினார்.

அம்மா அடுப்பைப் பார்க்கப் போயிருந்த ஒரு நாள் நானே ஐந்து நந்தியாவட்டைக் குச்சிகளை நட்டு, உர டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டுச் செய்த பூவாளியால் தண்ணீரும் தெளித்தேன். அந்தப் பூவாளி எங்கே போனதென்று இன்றுவரை தேடுகிறேன். அம்மா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஐந்தும் தலைகீழ். கணு கீழே பார்த்து நின்றது. "உன்னைத் தலகீழா நட்டா ஸ்கூலுக்குப் போவியா?" என்று அம்மா கேட்டுச் சிரித்த சிரிப்பு சந்து தாண்டிக் கேட்டிருக்கும். கேட்டுத்தான் இருக்கிறது. அடுத்த முறை நான் எடுத்துவந்த குச்சிகளின் ஒரு முனையில் சாணி அப்பியிருந்தது. முருங்கைப் போத்து நடும்போது மேல்முனை காயாமலிருக்க வைப்போமே, அந்த மாதிரி. சாணி இருந்தால் அது மேல்பக்கம். அதற்குப் பிறகு நான் தலைகீழாக நடவே இல்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, கஞ்சன் தனக்கென்று செய்து வைத்திருந்ததை நாம் எடுத்துவிட்டோம் என்று கொஞ்சம் கூடுதலாகச் சந்தோஷப்பட்டார்.

கார்த்திகை தீபத்தன்று முதல் துளிர் வந்தது. அகல் விளக்கோடு அம்மா குனிந்து பார்த்து என்னைக் கூப்பிட்டார். குண்டூசித் தலையளவு சிவப்பு. அதைப் பார்த்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வாசலில் கைகோத்துக் குதித்தோம். என் அம்மா குதித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மார்கழி பிறந்தபோது பதினோரு செடிகள் உயிரோடு நின்றன. மஞ்சள் இட்லிப்பூ மட்டும் ஒரு இலைகூட விடாமல், அதே நேரத்தில் சாகாமலும், முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது.

நைனா போகிற வருகிறபோதெல்லாம் கேலி செய்தார். இதைக் குழம்பு வைப்பியா, பொரியல் பண்ணுவியா என்பார். ஆனால் ஒரு காலையில் பனியில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவர் குரோட்டன்ஸ் பக்கத்தில் குந்தி, ஒரு இலையின் மேலிருந்த ஈரத்தைக் கட்டைவிரலால் மெல்லத் துடைத்துப் பார்ப்பதைக் கண்டேன். பச்சைக்குள் மஞ்சள், மஞ்சளுக்குள் ரத்தச் சிவப்பு. என்னைக் கண்டதும் எழுந்து, புழு இருக்குதான்னு பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

இருந்தும் தை பிறந்தது. சொன்ன சொல் மாறாதவர் நைனா. காணும் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் மணலும் ஜல்லியும் வந்து இறங்கின, கொத்தனார் வந்து நூல் பிடித்தார். நூல் செடிகளின் மேலேயே போனது. அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பேச அவருக்கு இடமும் இல்லை, தை வரைக்கும் என்றுதானே ஒப்புக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஹெட்மாஸ்டர் எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் குடை. நைனா நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். அவர் உட்காரவில்லை. குடை நுனியால் ஒவ்வொரு செடியாகக் காட்டினார். "இந்தக் குரோட்டன்ஸ் என்னுது. அந்தச் செம்பருத்தி என்னுது. இங்க நிக்கற பதினொண்ணும் என் தோட்டத்துல இருந்து வந்தது."

கொத்தனார் நூலைக் கீழே போட்டார். நைனா அம்மாவைப் பார்த்தார். வெளியாள் முன்னால் இப்படி ஒரு சொல்லைக் கேட்டு நிற்க வேண்டியவரா அம்மா என்று எனக்கு உயிரே போயிற்று. அம்மா தலைகுனியவில்லை. "ஆமா. நான்தான் எடுத்தாரச் சொன்னேன். கேட்டதுக்கு அவரு குடுக்கல" என்றார்.

"குடுக்கலை, நெஜந்தான்" என்றார் ஹெட்மாஸ்டர். "குடுத்திருந்தா இந்நேரம் ஒண்ணுகூட நின்னிருக்காது."

அம்மாவுக்கு அது குத்திக்காட்டியதாகப் பட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். நைனாவுக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வரப்பைக் கழிக்கும்போது ஒரு சாண் அந்தப் பக்கம் போய்விட்டது என்று, அடுத்தவர் கேட்காமலேயே மறுநாள் மண்ணைத் திருப்பிப் போட்டவர். தப்பி வந்த கோழியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கேட்டவர். அந்த மனிதர் வாசலில் பதினோரு திருட்டுச் செடிகள். அவருக்கு வியர்த்துவிட்டது. இப்போதே பிடுங்கிக் கொடுத்துவிடுகிறேன் சார் என்று குனிந்தார்.

ஹெட்மாஸ்டர் குடையை நீட்டித் தடுத்தார். "வேர் புடிச்ச செடி. புடுங்கினா செத்துடும். அந்தப் பாவம் எனக்கு வாணாம்."

"அப்போ இன்னாதான் சார் பண்றது?"

"ஒண்ணும் பண்ண வாணாம். என்னுதுன்னு ஞாபகம் இருந்தா போதும். என் பொருள் மேல சிமெண்ட் மட்டும் போட்டுடாதீங்க."

சொல்லிவிட்டுப் போயேவிட்டார். கேட்டுக்குப் போகிற வழியில் மட்டும் மஞ்சள் இட்லிப்பூக் குச்சியருகே நின்று, குனிந்து, நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சை இருந்திருக்க வேண்டும், தலையை ஆட்டிக்கொண்டார்.

நைனா செடிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிடுங்கவும் முடியாது, மூடவும் முடியாது. பிறகு கொத்தனாரிடம் நூலை நகர்த்தச் சொன்னார். களம் என்றால் நாலு மூலை இருக்கணும், இது என்ன கோணல் என்று கொத்தனார் முணுமுணுத்தார். "அடுத்தவன் பொருள் மேல களம் போட்டா அதுல காயற மல்லாட்டை எனக்கு ஒட்டாது" என்றார் நைனா. அப்படித்தான் எங்கள் வீட்டுக் களம் ஒரு பக்கம் கடித்துவிட்ட முறுக்குபோல அமைந்தது. கடித்த இடத்தில் தோட்டம். அந்தப் பங்குனியில் களம் நிறைய மல்லாட்டை காய்ந்தது, வளைவை ஒட்டி அடுக்குச் செம்பருத்தி பூத்தது. நான் பார்த்த அழகான இடங்களில் அதற்குத்தான் முதலிடம், ஊட்டியைப் பார்த்த பிறகும் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சொந்தச் செடியாக இருந்திருந்தால் சித்திரை வெயிலில் நைனா ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கமாட்டார். இது அடுத்தவர் பொருள், நம்மை நம்பி விட்டிருக்கிறது. தினமும் காலையில் கிணற்றடியிலிருந்து இரண்டு குடம் சுமந்து வருவார். சாப்பிட உட்காரும்போது அம்மாவைக் கேட்பார், ஹெட்மாஸ்டர் செடிக்குத் தண்ணி ஊத்தியாச்சா என்று. ஆடு மேய்ந்தால் கல்லெடுத்துக்கொண்டு ஓடுவார். அம்மாவோ, கொத்தனார் முன்னால் மானத்தை வாங்கிவிட்டார் என்று ஹெட்மாஸ்டரோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார். நைனாவுக்குத் தெரியாமல் குச்சி எடுக்க என்னை அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஓய்வு பெற்று ஹெட்மாஸ்டர் மேல்சித்தாமூருக்குத் திரும்பிப் போன அன்று, நைனா சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு போய், சார், உங்க செடிய இன்னா பண்றது என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் எங்கள் வாசலுக்கு வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். அப்போது மஞ்சள் இட்லிப்பூ இடுப்புயரம் வளர்ந்து கொத்துக் கொத்தாக நின்றது. இருக்கட்டும், மழைக்கு வந்து எடுத்துக்கறேன் என்றார். அவர் வரவில்லை. நைனா கடைசிவரைக்கும் அவற்றை நம் செடி என்று சொன்னதில்லை. கூடத்துப் போட்டோவைச் செல்லரித்தபோது முதலில் போனது அந்தத் திரைத் தோட்டம்தான். அம்மா அதற்கு வருத்தப்படவே இல்லை, வாசலைப் பார்த்துவிட்டுச் சட்டத்தைக் கழற்றி வைத்தார்.

இப்போது அந்த வீட்டில் நான் இருக்கிறேன். நைனாவும் இல்லை, அம்மாவும் இல்லை. களம் வெடித்துப் புல் முளைத்திருக்கிறது. செடிகள் அந்தச் செடிகளின் பேத்திகள். போன ஐப்பசியில் தூறலில் உட்கார்ந்து கவாத்துப் பண்ணிக்கொண்டிருந்தேன். நடுவதற்கென்று ஒரு குரோட்டன்ஸ் குச்சியை ஒரு சாண் அளவுக்கு, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டினேன். வெட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கழிக்கிற கிளையை யாரும் ஒரு சாண் ஒரு சாணாகச் சாய்த்து வெட்டுவதில்லை. முதல் நாள் ஒடித்ததைத் தவிர, நான் திருடிய குச்சிகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன, ஒன்று பாக்கியில்லாமல். கேட்டில் தொங்கிய செருப்பு, மாற்றிப் போட்ட இலை, முனையில் வைத்த சாணி. தன் வீட்டுக் கூரையில் தானே ஏறி ஓடு மாற்றுகிற மனிதர், அந்தச் சுவர்ப் பள்ளத்தில் மட்டும் நான்கு கல்லை எடுத்து வைக்கவில்லை, ஊரை விட்டுப் போகிறவரைக்கும். கொடுத்த செடி நிற்காது என்று நாங்கள் நம்பியதை அவரும் நம்பியிருக்கிறார். எங்கள் செடி நிற்க வேண்டும் என்றுதான் தரமாட்டேன் என்றிருக்கிறார். களத்துக்கு நடுவில் வந்து என்னுது என்னுது என்று குடையால் காட்டியதும் எங்களைக் காட்டிக்கொடுக்க அல்ல. நைனாவின் குணம் அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் மழையில் உட்கார்ந்துகொண்டு தனியாகச் சிரித்தேன். அம்மா இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். கஞ்சப்பிசினாரி என்ற பட்டத்தை அவர் திரும்பப் பெற்றிருப்பாரா என்பது சந்தேகந்தான், வாய்ச்சொல்லில் அம்மாவை யாரும் ஜெயித்ததில்லை.

நான் குழுவில் போட்ட போட்டோவில் என் தோட்டத்தைப் பார்த்துவிட்டு உங்களில் நாலைந்து பேர் அந்த மஞ்சள் இட்லிப்பூவில் ஒரு குச்சி கேட்டிருந்தீர்கள். நான் பதில் சொல்லவில்லை என்று வருத்தமும் பட்டிருக்கிறீர்கள். பதில் இதுதான்: தரமாட்டேன்.

ஆனால் கார்த்திகையில் மேகம் கோட்டை மேல் குந்தியிருக்கும்போது இந்தப் பக்கம் வாருங்கள். கிழக்குப் பக்கச் சுவரில் மேல்வரிசைச் செங்கல்லை நானே கழற்றிப் பள்ளம் விட்டு வைத்திருக்கிறேன், முட்டிவலிக்காரர்களுக்கும் எட்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு நான் ராஜகிரியைப் பார்த்தபடி காப்பி குடித்துக்கொண்டிருப்பேன். என் முதுகு உங்கள் பக்கம் இருக்கும். சாணி வைத்திருப்பது மேல்முனை.